தேர்ந்துகொண்ட களைப்பு

மலை ஏறுகிறவர்கள் இரு வகையினர். ஏறியாக வேண்டும் என்பதால் ஏறுகிறவர்கள் ஒரு வகையினர். ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏறுகிறவர்கள் மற்றொரு வகையினர். தேனி மாவட்டத்து மலைச்சாலைகளில் இவ்விரு வகையினரும் நாள்தோறும் ஒருவரை ஒருவர் கடந்து செல்கின்றனர். போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் புறப்படும் ஜீப்புகளில், ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் அதே சாலையில், தலைக்கவசம் அணிந்து, பல பற்சக்கரங்கள் கொண்ட இலேசான சைக்கிளில், மூச்சிரைக்க மிதித்தபடி நகரத்து இளைஞர்கள் சிலரும் ஏறுகிறார்கள். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் சைக்கிளை முந்துகிறது. ஜீப்பின் பின்புறம் அமர்ந்திருக்கும் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். 'இவர்களுக்கு ஏன் இந்தப் பாடு?' என்னும் கேள்வி அந்தப் பார்வையில் இருக்குமானால், அது முற்றிலும் நியாயமான கேள்வியே.

அந்தக் கேள்வியை நாம் சற்று நின்று ஆராய்வது நல்லது. உலகில் வேண்டாத துன்பமே தேவைக்கு மேல் இருக்கிறது. அப்படியிருக்க, வலிய ஒரு துன்பத்தைத் தேடிச் செல்வதில் அறம் ஏதும் உண்டா? அல்லது அது, துன்பத்திலிருந்து தப்ப வழியற்றவர்களின் கண்முன்னே ஆடப்படும் ஒரு விளையாட்டு மட்டுந்தானா?

முதலில் அந்தப் பயணத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தேனியிலிருந்து போடி 15 கிலோமீட்டர். போடியைக் கடந்து முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அங்கே தமிழகம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலக்காட்டின் ஊடாகத் தெற்கே சென்று, கம்பம்மெட்டு வழியாகப் பள்ளத்தாக்கிற்கு இறங்கி, உத்தமபாளையம், சின்னமனூர் வழியே மீண்டும் தேனியை அடையலாம். ஒரு கணவாயில் ஏறி மறு கணவாயில் இறங்கும் இச்சுற்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பயிற்சி உள்ளவர்கள் விடியலில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம்.

போடியிலிருந்து போடிமெட்டு வரை உயரம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சைக்கிளோடு இவ்வுயரத்தை அடைய ஏறக்குறைய 200 கிலோகலோரிக்கு ஈடான வேலையைச் செய்தாக வேண்டும். மனித உடலோ, உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே மிதிகட்டைக்கு அனுப்புகிறது. எஞ்சியதெல்லாம் வியர்வையும் வெப்பமுமாய்ப் போகிறது. எனவே அந்த ஏற்றத்தின் உண்மையான விலை 800 கிலோகலோரி. சமையலறைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ பதினைந்து இட்லிகள். காற்றையும் சாலையின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் சில. இந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. காரில் செல்கிறவருக்கு மலை ஒரு காட்சி. மிதித்து ஏறுகிறவருக்கோ மலை ஒரு கடன். அதை அங்குலம் அங்குலமாகத் தீர்த்தாக வேண்டும்.

ஆயினும், உடல் வருந்தியதனாலேயே ஒரு செயல் நற்செயலாகிவிடுமா? இந்தக் கேள்வி புதியதன்று. 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, பிரான்சு நாட்டின் வாந்தூ மலைமீது தம் தம்பியுடன் ஏறினார். உயரத்தைக் காண வேண்டும் என்னும் ஆசையைத் தவிர வேறு காரணம் தமக்கு இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். வழியில் ஒரு முதிய ஆயர் அவர்களைத் தடுத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் ஏறியதாகவும், களைப்பையும் கிழிந்த ஆடையையும் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்றும் எச்சரித்தார். கவிஞர் கேட்கவில்லை. உச்சியை அடைந்ததும், கையோடு கொண்டுவந்திருந்த புனித அகுஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' நூலைத் திறந்தார். மலைகளின் உயரத்தை வியக்கும் மனிதர், தம் அகத்தைக் காண மறந்துவிடுகிறார்கள் என்ற கருத்துள்ள பகுதி கண்ணில் பட்டது. நாணமுற்று, இறங்கும்வரை ஒரு சொல்லும் பேசாமல் வந்தார் என்பது வரலாறு.

இந்நிகழ்ச்சியை மேற்கோள் காட்டுவோர் அனைவரும் கவிஞரின் மௌனத்தைப் போற்றுகிறார்கள். நாம் அந்த ஆயரையும் நினைக்க வேண்டும். கடிதத்தில் அவருக்குப் பெயர் இல்லை. மலைச்சரிவில் ஆடு மேய்த்துப் பிழைத்தவர் அவர். அந்த மலையை நன்கு அறிந்தவர். கவிஞர் ஒரு நாள் ஏறியது இலக்கியமாயிற்று. ஆயர் ஒவ்வொரு நாளும் ஏறியது பிழைப்பாகவே நின்றுவிட்டது. வாந்தூ மலை இன்று சைக்கிள் பந்தய வீரர்களின் புகழ்பெற்ற ஏற்றமாகவும் இருக்கிறது. 1967 ஜூலை 13 அன்று டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய வீரர், பந்தயத்தின் நடுவே அதன் சரிவில் விழுந்து உயிர்நீத்தார். விருப்பத்தோடு ஏறுவதும் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கிறது.

ஆகவே தேர்ந்துகொண்ட துன்பம் பொய்யான துன்பம் என்று நாம் சொல்லிவிட முடியாது. தொடை வலிப்பது மெய். மூச்சு முட்டுவது மெய். வேறுபாடு வலியில் இல்லை, வாசலில் இருக்கிறது. சைக்கிளில் ஏறுகிறவர் எந்த வளைவிலும் நிறுத்திவிட்டுத் திரும்பலாம். சைக்கிளைச் சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டுப் பேருந்தில் போகலாம். அவருடைய துன்பத்திற்கு வெளியேறும் வாசல் உண்டு. ஏலக்காய் எடுக்கும் பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை. ஏலச் செடியில் காய்கள் தலைக்கு மேலே தொங்குவதில்லை. அடித்தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கின்றன. குனிந்தும் குந்தியும் நகர்ந்தே அவற்றைப் பறிக்க வேண்டும். மழை, அட்டை, ஈரமண் ஆகிய யாவற்றுக்கும் நடுவே அவள் நாள் முழுதும் குனிந்து பறிக்கும் பச்சைக் காய் ஐந்து கிலோ, உலர்ந்தபின் ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. அவளுடைய களைப்புக்குப் புகைப்படம் எடுப்பார் எவருமில்லை.

இதனை மிகக் கூர்மையாக உணர்ந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய். மெய்யியல் ஆசிரியையாக இருந்த அவர், 1934 டிசம்பர் முதல் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை பாரிசு நகரத் தொழிற்சாலைகளில் சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்தார். தொழிலாளரின் வாழ்வை நூல்களிலிருந்து அன்றி உடலிலிருந்து அறிய விரும்பினார். வெளியே வந்தபின் அவர் கண்டறிந்த உண்மை முக்கியமானது. வலி வேறு, மனிதனை நொறுக்கும் துயர் வேறு என்றார் அவர். வலி உடலைத் தொட்டுச் செல்கிறது. நொறுக்கும் துயரோ உடலையும் உள்ளத்தையும் சமுதாய மதிப்பையும் ஒருசேரப் பறிக்கிறது. விரும்பி ஏறுகிறவர் வலியைச் சந்திக்கிறார். அதனால் அவருடைய மதிப்பு கூடவே செய்கிறது. வேறு வழியின்றி ஏறுகிறவரோ, அதே உழைப்பினாலேயே 'கூலி ஆள்' என்று மதிப்புக் குறைக்கப்படுகிறார். இதை உணராமல், 'நாமும் மலை ஏறினோம், அவர்களுடைய பாட்டை அறிந்துகொண்டோம்' என்று சொல்வது அறியாமையினும் தீயது. அறிந்துவிட்டோம் என்று எண்ணுகிறவர் மேலும் கேட்க மாட்டார் அன்றோ?

இது சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. தவக்காலத்தில் நோன்பிருக்கிறோம், காலில் கொப்புளம் காண வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். உண்ண இருந்தும் உண்ணாதிருப்பதும், பேருந்து இருந்தும் நடப்பதும் தேர்ந்துகொண்ட துன்பங்களே. உண்ண இல்லாதவனின் பட்டினிக்கும் நமது நோன்புக்கும் இடையே அதே வாசல்தான் வேறுபாடு. இறைவாக்கினர் எசாயாவின் நூலில் 58-ஆம் அதிகாரம் இவ்வேறுபாட்டைத்தான் தொட்டுக் காட்டுகிறது. நோன்பு நாளில் தலையைத் தாழ்த்தி, சாம்பலில் அமர்ந்து, அதே நாளில் வேலையாள்களை வாட்டி வதைக்கும் மக்களைப் பார்த்து, அது தமக்கு உகந்த நோன்பன்று என்கிறார் இறைவன். கட்டுகளை அவிழ்ப்பதும் பசித்தோர்க்கு உணவைப் பகிர்ந்தளிப்பதுமே அவர் விரும்பும் நோன்பு. தேர்ந்துகொண்ட துன்பத்தை அவர் முற்றிலும் தள்ளிவிடவில்லை. அதன் மதிப்பை அதற்கு உள்ளே தேடாதீர்கள், அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பாருங்கள் என்கிறார்.

அப்படியானால் ஒரு நாள் மலைப்பயணம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்?

முதலாவதாக, அது நம் கடன்களை நமக்குக் காட்ட முடியும். சமவெளியில் விரைந்து செல்கையில் சாலை ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. ஏற்றத்தில் மெல்ல நகரும்போதோ, ஒவ்வொரு தடுப்புச் சுவரும் ஒவ்வொரு சிறு பாலமும் யாரோ ஒருவரின் கைவேலை என்பது தெரிகிறது. இம்மலைகளில் கல் உடைத்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள முல்லைப் பெரியாற்று அணையை எண்ணிப் பார்ப்போம். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அப்பணி 1895-இல் நிறைவுற்றது. அதை முன்னின்று நடத்திய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கை இம்மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. இந்த நன்றி பாராட்டத்தக்கது. ஆயினும் அதே காட்டில் மலேரியாவுக்கும் காலராவுக்கும் இரையான தொழிலாளர் பலர். பிழைப்பிற்காக மலை ஏறிய அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லும், மதுரை வரை செல்லும் நீரும் அவர்களுடைய களைப்பின் மேல் நிற்கின்றன.

இரண்டாவதாக, இறக்கம் நமக்கு ஒன்றைக் கற்பிக்க முடியும். கம்பம்மெட்டிலிருந்து இறங்கும்போது மிதிக்கவே வேண்டியதில்லை. கீழே தென்னையும் வாழையும் நெல்வயலும் விரிகின்றன. பந்தல்களில் பன்னீர் திராட்சை காய்க்கிறது. 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் தமிழகத்திற்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் இத்திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இறக்கம் நாம் ஈட்டிய கூலியா, அல்லது நமக்குக் கிடைத்த கொடையா? இயற்பியல் அதைக் கூலி என்கிறது: ஏறும்போது சேமித்த ஆற்றலே இறங்கும்போது வேகமாகத் திரும்பி வருகிறது. ஆனால் மலைச்சாலையில் அந்தக் கூலியைக்கூட நாம் முழுமையாகப் பெற்றுக்கொள்ள முடிவதில்லை. வளைவுக்கு வளைவு தடையை அழுத்தியாக வேண்டும். ஈட்டிய உயரத்தின் பெரும்பங்கு தடைக்கட்டையின் சூடாகக் காற்றில் கரைகிறது. மேலும், சாலையும் பள்ளத்தாக்கும் ஏறுவதற்கு உடல்நலமும் நமது உழைப்பால் உண்டானவையா? நமது உழைப்பு உண்மையே. ஆனால் அது நமக்குக் கிடைத்ததில் மிகச் சிறிய பகுதி. தாமே எல்லாவற்றையும் ஈட்டியதாக எண்ணுகிறவர் எவருக்கும் எதையும் தரக் கடமைப்பட்டவராகத் தம்மை உணர மாட்டார். உழைத்தும், அதற்கும் மேலாகப் பெற்றோம் என்று உணர்கிறவரே பகிர்ந்துகொள்ளத் தொடங்குகிறார்.

மூன்றாவதாக, நமது வாசல் எவ்வளவு பலவீனமானது என்பதையும், அதைப் பிறர் எவ்வாறு நமக்காகத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பதையும் மலை காட்டிவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில், நடைப்பயணமாக வந்திருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளையவர்கள். ஓய்வு நாளொன்றை மலையில் கழிக்க விரும்பியது குற்றமன்று. அவர்களை நாம் மிகுந்த துயரத்தோடே நினைக்கிறோம். அன்று அவர்களை மீட்க முதலில் ஓடியவர்களுள் மலையடிவாரத்து மக்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கிறோம். அந்த மலையில் எவ்வழி போகும், எவ்வழி போகாது என்பதை அவர்கள் பிழைப்புக்காகவே அறிந்து வைத்திருந்தார்கள்.

கணவாய் என்பதே ஒரு வாசல்தான். அது அடைபடும்போது இரு வகையினரின் நிலையும் வெளிப்படுகிறது. 2011 டிசம்பரில் பெரியாற்று அணைச் சிக்கல் முற்றி, இரு மாநிலங்களுக்கும் இடையே போக்குவரத்து நின்றபோதும், 2020-இல் கொள்ளைநோயால் எல்லை மூடப்பட்டபோதும், உல்லாசப் பயணி இழந்தது ஒரு விடுமுறை. தோட்டத் தொழிலாளி இழந்தது அடுப்பெரியும் வழி. மேட்டுக்கு இப்புறமும் அப்புறமும் இருப்பவர்கள் நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவரையொருவர் நம்பி வாழ்கிறவர்கள். இங்கிருந்து உழைப்பும் காய்கறியும் ஏறுகின்றன. அங்கிருந்து நீரும் ஏலக்காயும் இறங்குகின்றன. எல்லைக்கோட்டை ஒரு வேடிக்கைப் பலகையாகக் கண்டு படம் எடுத்துக்கொள்வதற்கும், அதைக் கடந்தால்தான் சோறு என்னும் நிலைக்கும் உள்ள தொலைவு பெரிது.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே கிசால்லோ என்னும் மேட்டில் அன்னை மரியாவின் சிற்றாலயம் ஒன்று உண்டு. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். புகழ்பெற்ற வீரர்களின் சைக்கிள்கள் அவ்வாலயச் சுவர்களில் காணிக்கையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஜீனோ பார்த்தாலியின் சைக்கிளும் ஒன்று. உலகின் மிகக் கடினமான சைக்கிள் பந்தயங்களுள் ஒன்றாகிய பிரான்சுச் சுற்றில் 1938-இலும் 1948-இலும் வென்றவர் அவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யூத மக்களைக் காப்பதற்கான போலி அடையாளச் சீட்டுகளைச் சைக்கிளின் குழாய்க்குள் மறைத்து, பயிற்சிக்குச் செல்வதுபோல் புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே எடுத்துச் சென்றார் என்று அவருடைய தொண்டு போற்றப்படுகிறது. இஸ்ரயேல் நாட்டின் யாத் வாஷெம் நிறுவனம் 2013-இல், அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அவரைப் 'பிற இனத்து நீதிமான்கள்' வரிசையில் சேர்த்தது. விளையாட்டுக்காகப் பழகிய கால்கள், தேவை வந்தபோது சுமைக்குப் பயன்பட்டன. வாசல் உள்ளவர், வாசல் இல்லாதவருக்கு வாசலாக நின்றார். தேர்ந்துகொண்ட துன்பத்திற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் தேட வேண்டியதில்லை.

நற்செய்தியில் வரும் சிரேன் ஊர்ச் சீமோனும் இங்கு நினைவுக்கு வருகிறார். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்கச் செய்தார்கள். அவர் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. அது அவர்மேல் திணிக்கப்பட்டது. இயேசுவோ தம் உயிரைத் தாமாகவே கையளித்தவர். கொல்கொதா என்னும் அந்த ஏற்றத்தில், விரும்பி ஏறியவரும் விரும்பாமல் ஏறியவரும் ஒரே மரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். விரும்பி ஏறியவர், விரும்பாமல் ஏறியவரை வேடிக்கை பார்க்கவில்லை. இத்தகையோர் அனைவரின் சுமையையும் தம்முடையதாக்கிக்கொள்ளவே ஏறினார். ஜீப்பும் சைக்கிளும் ஒன்றையொன்று கடக்கும் சாலைக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேறென்ன வேண்டும்?

எனவே, மலை ஏற ஆசைப்படும் நம் பிள்ளைகளை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஏறட்டும், உடலின் எல்லையை அறியட்டும், இறக்கத்தில் மகிழட்டும். ஆனால் திரும்பி வந்தபின் சில கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். அந்த ஜீப்பில் எத்தனை பேர் அமர வேண்டும், எத்தனை பேர் அமர்ந்திருந்தார்கள்? அதன் தடையும் சக்கரமும் எப்போது சோதிக்கப்பட்டன? அவள் மலையில் கழிக்கும் நாளில், அவளுடைய சிறு குழந்தை யார் வீட்டில் இருக்கிறது? வயது முதிர்ந்து குனிய முடியாமற்போன பின் அவளுக்கு யார் துணை? நம் வீட்டுப் பாயசத்தில் இடும் ஏலக்காயின் விலையில் அவள் கைக்குப் போவது எவ்வளவு? பங்கு மன்றத்திலும் ஊராட்சிக் கூட்டத்திலும் வாக்குச் சாவடியிலும் நாம் கேட்கக் கூடிய கேள்விகளே இவை. ஒரு நாள் களைப்பு இவற்றுள் ஒன்றையேனும் உரக்கக் கேட்க வைக்குமானால், அந்தப் பதினைந்து இட்லியின் ஆற்றல் வீணாகவில்லை என்று நாம் நிறைவு கொள்ளலாம்.